வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்

லேஞ்சித் துணியில் முடிந்து கொண்டுவந்த கசட்டை என் மேசையில் வைத்தார் கதீஜா உம்மா. கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

“இதுக்குள்ள கதைக்கிறது ஆரு புள்ள?”

கசட்டின் மேல் ஒட்டியிருந்த துண்டில் இருந்தது என் கையெழுத்துத்தான். றைஹானா, சாய்ந்தமருது என்று நீல மையில் எழுதி, கீழே மாதத்தையும் போட்டிருந்தேன். இரண்டரை மாதத்துக்கு முன்னர் சவூதிக்குப் போன கசட் அது. அப்படிப் போன ஒன்று திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

“உங்கட மருமகள்தானே உம்மா.”

“இல்லையாம். என்ட மகன் எழுதியிரிக்கான்.”

இடுப்புச் செருகலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். விடுமுறையில் ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் கசட்டையும் கடிதத்தையும் சேர்த்தே கொடுத்தனுப்பியிருக்கிறார் மகன் ஜவுபர். வாங்கிப் படித்தேன். நாலே நாலு வரி. கசட்டில் கதைப்பது என் மனைவியின் குரல் இல்லை. வேறு யாரையோ கதைக்க வைத்து அனுப்பியிருக்கிறாள். இல்லை, அவள்தான் என்றால், பக்கத்தில் யாரை வைத்துக்கொண்டு அப்படிக் கதைத்தாள் என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு நான் ஒரு முடிவுக்கு வருகிறேன்.

முடிவு என்றால் என்ன முடிவு என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. றைஹானாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். கல்யாணம் முடித்து ஒன்றரை வருடம். அதில் புருஷனோடு இருந்தது ஐந்து மாதம்.

“பள்ளிவாசல் மரைக்கார்மாருக்கிட்ட விசாரணைக்குப் போகச் செல்லித்தான் எல்லாரும் செல்றாங்க. போறத்துக்கு முன்ன உன்ட வாயால கேட்டுட்டுப் போவம் எண்டு வந்த. நீதானே பக்கத்தில இருந்த?”

நான்தான் இருந்தேன். வேறு ஈ காக்கை கூட அந்த அறையில் இல்லை. ஆனால் அந்தக் குரல் அப்படி ஆனதற்குக் காரணமும் நான்தான். அதை எந்தப் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியாமல், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன்.

அடுப்படியிலிருந்து வந்த காது

அவர் தண்ணீர் குடிக்கட்டும். இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் சலீம் கல்முனைச் சந்தைக்குப் பின்னால் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிந்திய வருடங்களில் எங்கள் ஊர்களிலிருந்து ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக அரபு நாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். போனவர்கள் முதலில் அனுப்பிய சாமான் கசட் றெக்கோடர். அதோடு தங்கள் குரலைப் பதிந்த கசட்டையும் அனுப்பினார்கள். மறுமொழியைக் குரலாகவே கேட்டார்கள்.

வீட்டில் வைத்துப் பதிந்தால் சேவல் கூவும், பிள்ளை அழும், மாமியார் ஊடே புகுந்து கதைப்பார். ஒலிப்பதிவுக்கென்று ஓர் அறை இருக்கிறதே என்று எங்களிடம் வந்தார்கள். ஆனால் அந்நிய ஆண் முன்னால் உட்கார்ந்து புருஷனோடு கதைக்க எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? சலீம் திரை கட்டிப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருக்கிறான் என்றால் திரை இருந்தென்ன, இல்லாமல் என்ன. முதல் கிழமை வந்த மூன்று பெண்களும் சலாம் சொன்னதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

அதனால்தான் அடுப்படியில் நின்ற என்னைக் கூட்டிவந்து ஹெட்போனை மாட்டிவிட்டார். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். முதல் மாதம் எந்தப் பொத்தானை அமுக்குவதற்கும் அவரைக் கேட்டேன். ஆறாம் மாதம் அவருடைய பதிவுகளுக்கே குறை சொல்லத் தொடங்கிவிட்டேன். ‘உனக்குக் காது இரிக்கி, ஆனா வாய் அதவிடப் பெரிசு’ என்பார்.

எதிரொலி வராமலிருக்க அறையின் சுவர்களில் மருதமுனைச் சாரத் துணிகளைத் தொங்கவிட்டிருந்தோம். சாயம் பிசகியது, கரை கோணியது என்று தறிக்காரர்கள் ஒதுக்கிப் போட்ட துணிகள். யன்னலுக்கு இலவம்பஞ்சு மெத்தை. விசிறி போட்டால் அதன் சத்தமும் பதிந்துவிடும் என்பதால் விசிறி இல்லை. கதைத்து முடித்து வெளியே வரும் பெண்களின் முகத்தில் இருப்பது வியர்வையா கண்ணீரா என்று கேட்கக் கூடாது என்பது நானாகப் போட்ட சட்டம்.

தகரம், ஹாஜியார், சின்னவள்

எங்களிடம் மூன்று மைக் இருந்தன. கொம்பனிப் பெயர்களை எழுதினால் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாள் என்பீர்கள். நாங்கள் வைத்த பெயர்களே போதும்.

முதலாவது தகரம். கல்யாண வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டியோடு வந்த இரும்பு மைக். கீழே விழுந்தாலும் சாகாது. கிட்ட இருக்கிற குரலை மட்டும் பிடிக்கும், தெருவில் பஸ் கத்தினாலும் கண்டுகொள்ளாது. ஆனால் எல்லாரையும் கொஞ்சம் மூக்கால் கதைக்க வைத்துவிடும். குரலின் அடியும் நுனியும் போய் நடு மட்டும் மிஞ்சும்.

வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு விவசாயி, குவைத்தில் இருக்கும் மகனோடு கதைக்க மாதம் தவறாமல் வருவார். குவைத் தூரம் என்பதால், வயலுக்கு அந்தப் பக்க வரம்பில் நிற்கிறவனைக் கூப்பிடுவது போலக் கத்துவார். மெதுவாகக் கதையுங்கள் என்று சலீம் சொன்னால், “அவனுக்குக் கேக்காட்டி?” என்று திருப்பிக் கேட்பார். அவருக்குத் தகரம்தான் தாங்கும்.

இரண்டாவது ஹாஜியார். கொழும்பில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்த பழைய ரிபன் மைக். உள்ளே சிகரெட் பெட்டித் தாளைவிட மெல்லிய அலுமினியப் பட்டி ஒன்று தொங்கும். ஊதினால் கிழிந்துவிடும். ஆகவே அவர் முன்னால் இருமக் கூடாது, தும்மக் கூடாது. கனமும் நிதானமுமாக இருந்ததால் அந்தப் பெயர். கூரான குரலை உருட்டி மிருதுவாக்கித் தருவார். அடுத்த அறையில் ஒரு நல்ல மனிதர் இருந்து கதைப்பதாகத் தோன்றும்.

மூன்றாவது சின்னவள். ஹஜ்ஜுக்குப் போன என் மச்சான் ஜித்தாவில் வாங்கி வந்த கண்டென்சர் மைக். விரல் நீளந்தான். தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். மாரி காலத்து ஈரத்தில் ‘சிர்’ என்று இரைவாள் என்பதால் அரிசி போட்ட டின் பேணிக்குள் புதைத்து வைப்போம். அவளுக்குக் கேட்காத சத்தம் இல்லை. வளையல் உரசுவது கேட்கும், உதடு பிரிவது கேட்கும், ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன்னர் இழுக்கும் மூச்சும் கேட்கும்.

ஒருமுறை சாய்ந்தமருதுக் கரைவலைக்காரர் ஒருவர் கசீதாப் பாட்டுப் பதிய வந்தார். உப்புக்காற்றில் அடிபட்ட குரல். உச்சத்துக்குப் போனால் பிசிறும். மூன்று மைக்கிலும் பாட வைத்துக் கேட்டோம். பிசிறு தெரியாமல் ஹாஜியார் மூடிக் கொடுத்தார். சலீமுக்கு அதுதான் பிடித்தது. எனக்குச் சின்னவளில் பதிந்ததுதான் பிடித்தது. அந்தப் பிசிறு வரும் இடத்தில்தான் எனக்குக் கண் கலங்கியது.

“பிசிறும் அவருடையதுதானே” என்றேன்.

“பிசிறைப் பாடச் செல்லி ஆரும் கேக்கல்ல சுபைதா” என்றார்.

இதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம் என்றால் இப்போது என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கடைசியில் பாடகரிடமே கேட்டோம். மூன்றையும் கேட்டுவிட்டுத் தகரத்தைக் காட்டினார். “இதுதான் நான். மத்த ரெண்டும் ஆரோ பெரிய மனிசர்” என்றார். எங்கள் இருவரின் பெருமையும் அன்றைக்கு ஒரே அடியில் போனது.

சின்னவளிடம் ஒரு குணம் உண்டு. நெருங்க நெருங்கக் குரலின் அடிச்சத்தம் பெருத்துக்கொண்டு வரும். ஒரு சாண் தூரத்தில் கதைத்தால் எதிரே உட்கார்ந்து கதைப்பதாகக் கேட்கும். நாலு விரல் தூரத்துக்குப் போனால் காதுக்குள் வாயை வைத்துக் கதைப்பதாகக் கேட்கும். ஆகவே வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் என்பது சலீம் எனக்குச் சொன்ன முதல் விதி. மேசையில் வெண்கட்டியால் கோடே போட்டு வைத்திருந்தார்.

முக்காட்டுக்குள்

றைஹானாவின் குரல் சின்ன வயதிலிருந்தே கரகரத்தது. பெண்பிள்ளைக்கு இப்படியா குரல் என்று உறவுக்காரர் சொல்லிச் சொல்லி, அவள் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயே திறப்பதில்லை. முதல் நாலு கசட்டையும் தகரத்தில்தான் பதிந்தாள். அதில் அந்தக் கரகரப்பு இன்னும் கூடிக் கேட்டது. நாங்கள் நல்ல சுகம், உங்கள் சுகத்துக்கு துஆ என்று எழுதி வைத்ததை வாசிப்பது போலக் கதைத்து முடித்துவிடுவாள். “நீ பாடம் ஒப்புவிக்கிற மாதிரி கதைக்காய்” என்று புருஷன் அடுத்த கசட்டில் சொல்லியிருந்தார்.

“வேற மைக் ஒண்டும் இல்லையா ராத்தா?” என்று ஐந்தாவது முறை வந்தபோது கேட்டாள்.

அரிசிப் பேணியைத் திறந்து சின்னவளை எடுத்து வைத்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. யாரோ முறைத்துப் பார்ப்பது போல இருக்கிறது என்றாள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு குனிந்து, அதே முக்காட்டுத் தலைப்பைச் சின்னவளின் மேலாலும் போட்டுக்கொண்டாள். முகமும் மைக்கும் ஒரே துணிக்குள். வெண்கட்டிக் கோட்டைத் தாண்டி நாலு விரல் தூரத்தில் அவள் வாய் இருந்தது.

நிறுத்தியிருக்க வேண்டும். எழுந்து போய் ஒரு சாண் பின்னால் தள்ளி உட்கார வைத்திருக்க வேண்டும். ஆனால் ஹெட்போனில் வந்ததைக் கேட்டதும் நான் அசையவில்லை. துணி அறையின் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டது. மிஞ்சியது அவள் மட்டும். அவள் வெட்கப்பட்ட அந்தக் கரகரப்பு சூடான, ஆழமான ஒரு குரலாக மாறியிருந்தது. முக்காட்டுக்குள் தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அவளும் முதல் தடவையாகக் கடதாசி இல்லாமல் கதைத்தாள்.

அவள் சொன்னவற்றை எழுதமாட்டேன். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. முருங்கை பூத்தது, அவருடைய சேட்டுகளை வெயிலில் போட்டு எடுத்தது, கிணற்றடியில் வழுக்கி விழப் பார்த்தது, இப்படித்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் மூச்சு கேட்டது.

போட்டுக் காட்டினேன். “இது நானா ராத்தா?” என்றாள். இரண்டாம் தரமும் போடச் சொன்னாள். அவள் தன் குரலைக் கேட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. சலீமிடம் போய், நீங்கள் இதுவரை செய்த பதிவெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று பீற்றிக்கொண்டேன்.

ஒரே வசனம், நாலு தரம்

கதீஜா உம்மா தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். மைக் இப்படிச் செய்யும், கிட்டப் போனால் குரல் மாறும், அறையில் நானும் அவளும் மட்டும்தான் என்றேன்.

“மிசின் மேல பழியப் போடாத புள்ள” என்றார். “குரல் எண்டா குரல்தான். மிசினுக்கு என்ன தெரியும்?”

“அப்ப நீங்களே கதைச்சிப் பாருங்க.”

“நான் என்னத்துக்கு?”

“உங்கட குரல் உங்களுக்குத் தெரியுமெல்லுவா. கேட்டுட்டு மறுகா பள்ளிக்குப் போங்க.”

தயங்கித் தயங்கித்தான் அறைக்குள் வந்தார். சுவரைப் பார்த்ததும் முகம் மாறியது. கிட்டப் போய்த் துணியைத் தடவினார். “இது எங்கட தறி. இந்தக் கரை கோணினது என்ட கை இல்ல, என்ட தங்கச்சிர கை” என்றார், நான் கேட்காமலே. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒரே வசனத்தைத்தான் ஒவ்வொரு மைக்கிலும் சொல்ல வேண்டும் என்றேன். அவரே வசனத்தைத் தேர்ந்தார். “மனே ஜவுபர், உம்மா கதைக்கன். சாப்பிட்டியா?”

தகரத்தில் ஒரு தரம், ஹாஜியாரில் ஒரு தரம், கோட்டுக்குப் பின்னால் சாண் தூரத்தில் உட்கார்ந்து சின்னவளில் ஒரு தரம். நாலாவதாக, றைஹானா செய்தது போலவே முக்காட்டை மைக்கோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். உள்ளே போன பிறகு முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு, “மனே” என்றார். நிறுத்தினார். மற்ற மூன்றிலும் ஒரு மூச்சில் சொன்ன வசனம் இதில் அரை நிமிடம் எடுத்தது.

போட்டுக் காட்டினேன். தகரத்தைக் கேட்டு, “இது சந்தையில யாவாரம் கதைக்கிற நான்” என்றார். ஹாஜியாரைக் கேட்டதும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். “மவுத்தாப்போன எங்கட உம்மாட குரல்.” சின்னவள் சாண் தூரத்தில் பதிந்ததற்கு, “ம்… பல்லு விழுந்தது தெரியிது” என்றார்.

நாலாவது ஓடி முடிந்தது.  நான் றெக்கோடரை நிறுத்தினேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பிடி நான் ஒருத்தரோடயும் கதைச்சதில்ல புள்ள. அவனோடயும் இல்ல. அவன்ட வாப்பாவோடயும் இல்ல.”

அவருடைய புருஷன் மவுத்தாகிப் பல வருடம் என்று எனக்குத் தெரியும்.  பிழை என்னுடையது, அவளைத் தள்ளி உட்கார வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

“உன்ட பிழைதான்” என்றார். சமாதானமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பிறகு தகரத்தை இழுத்துத் தன் முன்னால் வைத்தார். “அமுக்கு.”

நாலு குரலுக்கும் பின்னால் அவர் பதிந்தது இது: “மனே, நாலும் நான்தான். அப்ப அதுவும் அவள்தான். பக்கத்தில இருந்தது பொம்புள. நான் வந்து விசாரிச்சிட்டன். பள்ளிக்கு நான் போகமாட்டன். நீ என்ன முடிவெடுத்தாலும், இத மூணு தரம் கேட்டுட்டு எடு.”

மூன்று தரம் என்பதை அவர் யோசித்துச் சொன்னாரா, வாயில் வந்ததா தெரியாது. தலாக்கும் மூன்று தரந்தானே.

வாயைப் பொத்திக்கொண்டு

மறுமொழி வர இரண்டு மூன்று மாதமாகும். அதற்குள் நான் ஒருநாள் சாய்ந்தமருதுக்குப் போய் றைஹானாவைப் பார்த்தேன். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டில்தான். மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். அந்த வீட்டில் ஜவுபருடைய சேட்டுகள் கொடியில் அப்படியே கிடந்தன. எடுத்து மடித்து வைக்க யாருக்கும் மனம் வரவில்லை, வெளியே எறியவும் முடியவில்லை.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சாப்பிடுங்க ராத்தா” என்றாள். அதைச் சொல்லும்போது வாயின் முன்னால் கையை வைத்துக்கொண்டாள். நான் இருந்த ஒரு மணித்தியாலமும் அந்தக் கையை எடுக்கவில்லை. சொந்த உம்மாவோடு கதைக்கும்போதும் அப்படித்தான். நான் ஆசைப்பட்டுக் கேட்ட குரலை அவள் கையால் அடைத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, சின்னவளைப் பேணியோடு பரணில் ஏற்றிவிட்டேன்.

சலீம் வெண்கட்டிக் கோட்டை அழித்துவிட்டு வெள்ளைப் பெயின்ற்றால் போட்டார்.

பன்னிரண்டு பேர்

ஒரு முற்பகல் றைஹானா தனியாக வந்தாள். கையில் ஜவுபரின் கசட். வீட்டில் றெக்கோடர் இருந்தும் அங்கே போடவில்லை. போட்டால் உம்மா, வாப்பா, தங்கச்சிமார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஹெட்போனை அவளுக்கு மாட்டிவிட்டு நான் வாசலில் நின்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பக்கம் முடிந்தது. கொஞ்சம் பின்னோக்கி ஓட்டி, ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“இந்த இடத்த மட்டும் நீங்களும் கேளுங்க ராத்தா.”

றெக்கோடரில் இருக்கும் சின்ன மைக்கில் பதிந்த குரல். பின்னால் ஏதோ இயந்திரம் உறுமியது.

“உன்ட குரல் இல்ல எண்டு செல்லி எழுதினது பொய். நீ சலாம் சென்ன உடனேயே எனக்குத் தெரியும். பக்கத்தில படுத்துக்கிட்டு கதைக்கிற மாதிரி இருந்திச்சி. ரூம்ல பன்ரெண்டு பேர் சுத்தி இருந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன் கண்ண மூடிட்டுக் கேட்டான். எனக்கு ஏலாமப் போச்சி. இது எங்கட வீட்டாள் இல்ல, ஆரோ றேடியோக்காரி எண்டு செல்லி நிப்பாட்டிட்டன். பொய்யச் சென்ன வாயால உம்மாக்கும் அதையே எழுதிட்டன். உம்மாட கசட்ட மூணு தரம் கேட்டன். மாப்புச் செய் றைஹானா.”

பிறகு, காதில் மாட்டிக் கேட்கும் ஒன்றைத் தனக்கென்று வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். இனி ஒரு பக்கம் எல்லாருக்கும் கதை, மற்றப் பக்கம் எனக்குக் கதை என்றார்.

ஹெட்போனைக் கழற்றினேன். நாங்கள் நாலு பதிவை வைத்து நிரூபித்தது அவர் முதலிலேயே அறிந்த ஒன்றை. சின்னவள் குரலை மாற்றியிருக்கவில்லை. அவர் ஐந்து மாதம் மட்டும் கேட்ட குரலை அப்படியே கொண்டுபோய் அந்த அறையின் நடுவில் வைத்துவிட்டாள். அந்த அறைகளில் ஒரு றெக்கோடரைச் சுற்றி ஊர்க்காரர் எல்லாரும் இருந்துதான் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொருவர் பெயரும் சொல்லி சலாம் சொல்லச் சொல்லிப் பெண்களுக்கு எடுத்துக் கொடுத்தவளே நான்தானே.

றைஹானா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

“வெக்கம் அவருக்கு. பழி எனக்கா?” என்றாள். “மூணு மாசம் ராத்தா. மூணு மாசம் நான் செத்துச் செத்துப் பொழச்சன். மாப்புச் செய் எண்டா சரியா?”

வாயின் முன்னால் கை இல்லை. அந்தக் கரகரத்த குரல் அறை முழுக்க நிறைந்தது. சாரத் துணிகளால் அதை உறிஞ்ச முடியவில்லை.

“மறுமொழி அனுப்பாம விடு” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கசட்டை வெளியே எடுத்து வைத்தாள். “இல்ல. கதைப்பன். இத அவர் கேக்கத்தான் வேணும்.”

முதற் பக்கத்தைத் தகரத்தில் பதிந்தாள். சலாம், சுகம், அறையில் இருப்பவர்களுக்கு ஒவ்வொருவராகச் சலாம். பாடம் ஒப்புவித்த மாதிரியேதான். கசட்டைத் திருப்பிப் போட்டேன். பரணிலிருந்து சின்னவளை இறக்கி, அரிசியைத் தட்டிவிட்டு அவள் முன்னால் வைத்தேன். அவள் முக்காட்டை இழுத்து மைக்கின் மேலால் போட்டுக்கொண்டாள். நான் வழக்கம்போல ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அவள் மூச்சை இழுக்கும் சத்தம் என் காதில் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு பேர் என்றா கணக்குச் சொன்னார் ஜவுபர்? பதின்மூன்று. அவர்களுக்கெல்லாம் முன்னால் அந்தக் கசட்டைக் கேட்டவள் நான். அன்றைக்கு நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். பதிகிற பொத்தானையும் நிறுத்துகிற பொத்தானையும் அவளுக்குக் காட்டினேன். “முடிஞ்சதும் நீயே நிப்பாட்டு புள்ள” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

சலீம் ஈயம் பற்ற வைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “என்ன வெளியால வந்துட்டாய்? மீற்றர் ஊசி சிவப்புக்குப் போனா ஆரு பாக்கிற?”

“போகட்டும்” என்றேன்.

அந்தப் பக்கம் சரியாகப் பதிந்ததா, இரைந்ததா, உடைந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அவள் மறுபடி வந்தாள். அந்த மாதமும் நான் வெளியில்தான் நின்றேன்.